மின்காந்தம் திறக்கும் வால்வைப் பார்க்க ரெட்டியார்சத்திரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை திருச்சியிலிருந்து ரெட்டியார்சத்திரம் போனேன், ஒரு என்ஜினைப் பார்க்க. என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா சென்னை வேலைக்கு ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு, தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் செய்த என்ஜின். பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிக்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் அடுத்த ஆண்டுச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் திங்களன்று அவள் சென்னை வேலையில் சேர வேண்டும். "நீ சும்மா பக்கத்துல நில்லு, போதும்" என்று கூப்பிட்டிருந்தாள்.

திருச்சியில் ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் எட்டரைக்குத் திண்டுக்கல், சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் கூட்டமும் அப்படித்தான் இருக்கும்.

சாதாரண என்ஜினில் சுழலும் ஒரு தண்டுதான் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். அது வைத்ததுதான் நேரம். ஸ்டெல்லா அந்தத் தண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வால்வுகளுக்கு மின்காந்தக் காயில்களை வைத்திருக்கிறாள். வேண்டும்போது திறக்கலாம், டீசல் மிச்சம். தொல்லை மூடுவதில்தான். காந்தம் வேகமாக இழுத்துவிட்டால் வால்வு சுத்தியல் மாதிரி அடித்து, சீக்கிரமே உடைந்துபோகும்.

நான் போனபோது அதுதான் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ஒரு காயில் கருகிவிட, திண்டுக்கல்லில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் முருகேசனிடம் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அதை மாட்டியதிலிருந்து டங் டங்கென்று அடி. போன் போட்டாள்.

"நம்ம பக்கம் கரண்டு எங்கம்மா முழுசா வருது?" என்றார் முருகேசன். "லோ வோல்டேஜ்லயும் இழுக்கட்டும்னு கம்பியைத் தடியாப் போட்டு சுத்தைக் குறைச்சேன். எல்லாத் தோட்டத்துக்கும் அப்படித்தான்."

"அண்ணே, இது பேட்டரியில ஓடுது. வோல்டேஜ் குறையாது, அதான் வேகமா இழுத்து அடிக்குது."

"அதைச் சொல்லலையேம்மா."

அக்கறையில் செய்த மனிதரை என்னவென்று திட்டுவது? மணி பத்தரை. மறுபடி சுற்ற நேரமில்லை. ஸ்டெல்லா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, தைரியம் சொல்லப் போனவள் லட்சணம்! பிறகு அவளே எழுந்தாள்.

"லோ வோல்டேஜுக்குத்தான சுத்திருக்காரு? அதையே குடுத்துப் பாப்பம்."

அந்தக் காயிலுக்குப் போகும் நான்கு பேட்டரிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டினாள். அடி நின்றுவிட்டது. வால்வு பதவிசாக மூடியது.

கம்பெனிக்காரர் வந்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். "பரவாயில்லைங்க. ஆபீஸ்ல பேசிட்டு அடுத்த வாரம் சொல்றனுங்க" என்று இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பிடித்ததா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. திண்டுக்கல்லில் ஒரு மணிக்கு முன்பே போனால்தான் பிரியாணிக் கடையில் உட்கார இடம் கிடைக்கும். காயில் சுற்றக் கொடுப்பவர்கள் அது எதில் ஓடுகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பிரியாணி சாப்பிட இருவரும் திண்டுக்கல் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் மெதுவாகக் கேட்டேன். "அடுத்த வாரம்னுட்டாரே, திங்கக்கிழமைக்கு என்னடி பண்ணுவ?"

சென்னை மேனேஜரைப் போனில் கூப்பிட்டாள். "சார், நான் வரலை. வேற ஆளைப் போட்டுக்கங்க."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவள், கடையில் உட்கார்ந்து இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டாள்.