நீலச் சட்டையில் ஒரு படம்

கேமராப் பையில் எப்போதும் இரண்டு பேட்டரிகள் வைத்திருக்கிறேன். வேலைக்கு ஒன்றே போதும். ஆனாலும் கிளம்புமுன் இரண்டையும் பார்ப்பேன், காரில் ஏறியதும் இன்னொரு முறை பார்ப்பேன். அத்தையால் வந்த பழக்கம்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது கலை, ஊடகம், பண்பாட்டுக் கல்வி. சொந்தக்காரர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அப்பாவின் தங்கையான அத்தை மட்டும் விளக்கம் கேட்டதில்லை. "என்னமோ பெருசா படிக்குதுலா எங்க புள்ள" என்று வேலையிடத்துத் தோழிகளிடம் சொல்லிக்கொள்வார். சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் வீடு. குருபோங்கில் மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் வேலை.

இறுதியாண்டுக் கண்காட்சிக்கு 'தோட்டத்துப் பெண்கள்' என்று தலைப்பு வைத்தேன். பண்பாடு என்றால் ரப்பர் மரமும் தலைத்துணியும்தான் என்று அப்போது அவ்வளவு உறுதியாக இருந்தேன்! அத்தையின் தலையில் பழந்துணியைக் கட்டி, ரப்பர் பாலெடுக்க மரப்பட்டையைச் சீவும் கத்தியை இரவல் வாங்கிக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர் மரத்தடியில் நிறுத்தினேன். வெங்காயம் நறுக்குகிற மாதிரி கத்தியைப் பிடித்தார்.

"எங்கம்மாதான் மரம் சீவுனாங்க. நான் தொட்டதே இல்லலா."

"சும்மா பிடிங்க அத்தை. ஆர்ட்டுக்காக."

எடுத்து முடித்ததும் உள்ளே போனார். மாலை ஷிப்டுக்கு நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, படிய வாரிய தலையுடன் வெளியே வந்து அதே மரத்தடியில் நின்றார். "இதுல ஒண்ணு எடு புள்ள. சூப்பர்வைசர் ஆனப்புறம் எனக்கு ஒரு போட்டோகூட இல்ல."

என் தலைப்பில் நீலச் சட்டைக்கு இடமில்லை. அவசரம் வேறு. "பேட்டரி முடிஞ்சிருச்சு அத்தை" என்றேன். பாதிக்குமேல் இருந்தது.

கண்காட்சிக்கு ஷிப்டுக்கு முன்பாக, சீருடையிலேயே, ஒரு தோழியுடன் வந்தார். சுவரில் ஆளுயரப் படம். கீழே 'ரப்பர் தோட்டத் தொழிலாளி' என்று என் எழுத்து. "ஏய், எப்ப வேலை மாத்துன?" என்று தோழி சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் விரிவுரையாளர் வந்து, "இவங்க இன்னும் மரம் சீவுறாங்களா?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பக்கத்திலேயே அத்தை நின்றிருந்தார். விரிவுரையாளருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆமா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். "பஸ் போயிரும்" என்று தோழியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இப்போது மாணவர்களுக்குப் படமெடுக்கச் சொல்லித்தருகிறேன். அந்தப் படத்தை மட்டும் வகுப்பில் காட்டியதில்லை. அத்தையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

நாளையோடு அத்தைக்கு வேலை ஓய்வு. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். இன்று கேள்விப்பட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு ஓடினேன். பகல் ஷிப்ட் விட்டு, நீலச் சட்டைக் கூட்டத்தோடு வெளியே வந்தவர் கேமராவைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னிக்காவது பேட்டரி இருக்கா?"

இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இருக்கு அத்தை. ரெண்டு இருக்கு."

"நாள் முழுக்க நின்ன மூஞ்சிய எடுக்காத. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா, தலை வாரிட்டு நிக்கிறேன். லேட்டா வந்த, சட்டைய கொடுத்துருவேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

மேசைமேல் சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.