நடுப்பக்கத்து றபான்

பக்கம் கட்டக் கணினியைத் தொடுமுன் ஜெஸீம் ஒரு வெற்றுத்தாளை எடுத்து நடுவால் மடிப்பார். நகத்தால் மடிப்பை அழுத்தி, விரித்து, காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு கீறுவார். "இது பள்ளம். இதுக்குள்ள படத்து மூக்கு விழுந்தா, மூக்குப் போனதுதான்." அந்தப் பென்சிலை அச்சகத்தில் வேறெவரும் தொடக்கூடாது. ஒருநாள் முதலாளி பற்றுச்சீட்டு எழுத எடுத்துவிட்டு வாங்கிய ஏச்சு, கல்முனைச் சந்தை வரைக்கும் கேட்டதாம்.

மனிதருக்கு இந்த வேலை அலுத்துவிட்டது. அதை ஒளிப்பதும் இல்லை. "மண்ட காஞ்சி போச்சு" என்பார். கலியாணக் கார்ட், தேர்தல் நோட்டீஸ், மதுரஸாக்களுக்கு அரபுக் கிதாபு. இந்த நோன்பு மாதம் முழுக்கக் கிதாபுதான்: வலப்புறம் தொடங்கி இடப்புறமாக ஓடும் பக்கங்கள். அவரை இன்னும் அந்தக் கதிரையில் இருத்தி வைத்திருப்பது மூன்று மாதத்துக்கொருமுறை வரும் இசைச் சஞ்சிகை. அதிலும் அதன் நடுவில் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள். அவருக்கு அவை இரண்டும் ஒரே பக்கம். தலைப்பைக் குறுக்கே ஓடவிட்டாலும் ஓர் எழுத்தும் பள்ளத்தில் விழாது. படத்திலுள்ளவர் உள்பக்கம் பார்க்கவேண்டும். வெளியே பார்த்தால், "வாசிக்கிறவனும் அவரோட எழும்பிப் போயிருவான்." கொஞ்சம் வெறுமையாக விட்டால் அங்கே விளம்பரம் போடக் கேட்பார்கள். அதற்கும் சண்டைதான். "பாட்டுக்காரனுக்கு மூச்சு விட இடம் வேணாமா?"

போன இதழில் வெட்டுப் பிசகி ஒரு பாடகரின் கண் மடிப்புக்குள் போய்விட்டது. இன்னொரு பிழை வந்தால் வேலை கொழும்புக்குப் போகும் என்று சஞ்சிகை ஆசிரியை ஸம்ஸியா அன்றே சொல்லிவிட்டார். கொழும்பில் யாருக்கு றபான் என்ற கைப்பறையும் மத்தளமும் வேறுவேறு என்று தெரியப்போகிறது! அந்த இரண்டு பக்கமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் ஜெஸீம் இம்முறை மடிப்பை அளந்து அளந்து பார்த்தார்.

இந்த இதழின் நடுப்பக்கத்துக்கு வந்தவர் மருதமுனை றபான்காரர் கச்சிமுகம்மது. வலது பக்கத்தின் மேல்பாதி முழுக்க அவர் படம். இடக்கையில் றபான், வலக்கை விரல்கள் தோலின்மேல், பார்வை இடப்புறமாக, மடிப்பை நோக்கி. மாதிரித்தாளைப் பார்த்த ஸம்ஸியா முகம் சுளித்தார்.

"என்ன நானா, கட்டுர முடிவுல இருந்து தொடங்குது?"

"இல்லையே, சரியாத்தானே இரிக்கி."

ஜெஸீம் மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மடிப்பைத் தடவினார். ஒரு பிசகும் தெரியவில்லை. ஸம்ஸியா இடது பக்கத்து மேல்மூலையில் விரலை வைத்தார். அங்கே கட்டுரையின் பின்பாதி இருந்தது. தலைப்பும் தொடக்கமும் வலது பக்கத்தில், படத்துக்குக் கீழே. ஒரு மாதம் கிதாபு கட்டிய கை, கச்சிமுகம்மதுவையும் கிதாபாகவே கட்டிவிட்டது.

"அல்லாஹ்வே!" என்றார் ஜெஸீம்.

"ரெண்டு பக்கத்தயும் மாத்தி வெச்சாச் சரிதானே?"

"வெச்சா மனிசன் வெளிய பாப்பாரு."

"அப்ப படத்தத் திருப்பிப் போடுங்க."

"திருப்பினா இடக்கையால றபான் அடிப்பாரு. மருதமுனையில சிரிக்கமாட்டாங்களா புள்ள?"

ஸம்ஸியா தொலைபேசியைக் கையில் எடுத்தார். கொழும்புக்குத்தான் என்று ஜெஸீமுக்கு விளங்கிற்று. வாதாட அவரிடம் தெம்பில்லை.

"படம் அங்கயே நிக்கட்டும். தலைப்பயும் எழுத்தயும் இந்தப் பக்கம் கொண்டாறன். பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள தாறன். ஏலாட்டி கொழும்புக்கே அனுப்புங்க, நான் கோவிக்கமாட்டன்."

ஜெஸீமின் கண்கள் சிவந்து கிடந்தன. ஸம்ஸியா அவற்றைக் கவனித்தார். பிறகு தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கதிரையொன்றை இழுத்துப்போட்டு இருந்தார்.

"நல்லாக் களைச்சிப் போனீங்க நானா."

"ஓம் புள்ள."

ஜெஸீம் புதுத்தாளொன்றை எடுத்து மடித்தார். நகத்தால் அழுத்தி, விரித்து, ஸம்ஸியாவின் முன்னால் வைத்தார். "கட்டுர எங்க தொடங்கிறதெண்டு நீங்களே ஒரு புள்ளி வெய்ங்க" என்று காதிலிருந்த சிவப்புப் பென்சிலை உருவி நீட்டினார்.