ஓரகத்தியின் எஸ்எஸ்டி

கீழ்க்கட்டளையில் இருக்கும் என் ஓரகத்தி கலாவின் பழைய கம்ப்யூட்டர், எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் போட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் ஆன் ஆனது. "உங்களுது இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

சிட்லபாக்கம் திரும்பியதும் நானும் ஒன்று வாங்கி மாட்டினேன். பழைய டிஸ்க்கில் இருந்ததை அதற்கு மாற்றி, டிஸ்க்கை அழித்தும் விட்டேன். அவளுடையதைவிட வேகமாக ஓட வேண்டுமென்று, ஒரு வீடியோ பார்த்து, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே வரும் பயாஸ் அமைப்பில் டிஸ்க் இயங்கும் முறையை ஏஹெச்சிஐ என்ற வேகமான முறைக்கு மாற்றினேன். விண்டோஸ் திறக்காமல், பிழை காட்டும் நீலத்திரைதான் வந்தது. நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளின் கேள்வித்தாள்கள் எல்லாம் போய்விட்டன என்றே நினைத்தேன். கடைசியில் கலாவுக்கே போன் செய்ய வேண்டியதாயிற்று.

"ஒண்ணும் போகலக்கா. டிஸ்க்கை அந்த முறையில ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல ஆன் ஆகல, அவ்ளோதான். பழையபடி வச்சு, டிரைவரை ஆன் பண்ணிட்டு அப்புறமா மாத்துங்க" என்றாள். அப்படியே செய்தேன், திறந்தது.

இப்போதெல்லாம் எதை மாற்றினாலும் முதலில் டிரைவரைப் பார்க்கிறேன், கேள்வித்தாள்களைப் பென்டிரைவில் எடுத்துவைக்கிறேன். கலா புது லேப்டாப் வாங்கியிருக்கிறாளாம். நான் இன்னும் பார்க்கப் போகவில்லை.