பக்கத்து மேசையின் வட்டம்

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கு இருவரும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்: "செய்முறைத் தேர்வுல யாரு நல்லா பண்றாளோ அவ அடுத்த வருஷமும் படிக்கட்டும். இன்னொருத்தி வீட்டோட இருந்து பிள்ளைங்கள பாத்துக்கணும்."

அன்று தொடங்கியது பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். சின்னவள் ஒருமுறை வாசித்தால் போதும், இதயத்தின் நான்கு அறைகளும் அவளுக்கு அத்துப்படி. இவளோ பாத்திரம் துலக்கிக்கொண்டே மைட்டோகாண்ட்ரியாவை உருப்போட்டாலும் மறுநாள் நாக்கில் வராது. "என்னக்கா, நான் வேணா சொல்லித்தரட்டுமா?" என்று சின்னவள் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனசோடு கேட்கிறாளே, அதுதான் பொறுக்கவில்லை! கல்லீரல் பித்தம் சுரக்கிறது என்று படித்த அன்று, தன் கல்லீரல் மட்டும் இரண்டு ஆள் வேலை பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, நுண்ணோக்கியில் தெரியும் செல்லை வரைய வேண்டும். பெரியவளுக்கு வெளிறிய நீலத்தில், ஓரம் மடங்கி, கோணல்மாணலாக ஏதோ தெரிந்தது. நடுவில் கருநீலப் புள்ளி. அப்படியே வரைந்தாள். வரைந்தவள் சும்மா இருந்தாளா? கழுத்தை வளைத்துப் பக்கத்து மேசையைப் பார்த்தாள். சின்னவளின் தாளில் வட்டமென்றால் அப்படியொரு வட்டம்! விளிம்பு கறுப்பாக, தடிமனாக, காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் இருந்தது.

'பாவி, இதுலயும் முந்திட்டாளே!'

ரப்பரை எடுத்துத் தன் கோணலை அழித்தாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அதைவிடத் தடிமனாக ஒரு வட்டம் போட்டு வைத்தாள்.

தேர்வு நடத்தும் அம்மா முதலில் சின்னவளின் நுண்ணோக்கியில் குனிந்தார். "இது செல்லு இல்லம்மா, காத்துக் குமிழி. மேல் கண்ணாடிய டொப்புனு வெச்சிருக்க." சைபர் போட்டார். சின்னவளின் முகம் வாடிப்போனது. பெரியவளுக்கு ஒரு கணம் குளுகுளுவென்று இருந்தது. மறுகணம் தன் தாளிலும் அதே வட்டம் கண்ணில் பட்டது, அவசரமாக ரப்பரைத் தேடினாள்.

அந்த அம்மா இவளுடைய நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. "அடேயப்பா, எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு! இன்னிக்கு இந்த அறையிலேயே இதுதான் நல்ல தகடு." பிறகு தாளைப் பார்த்தார். "இதுல குமிழியே இல்லையே! எதப் பாத்து இத வரைஞ்ச? உன் கண்ணு எங்கம்மா இருந்துச்சு?"

சின்னவளும் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் தலை நிமிரவில்லை.

"அவ தாள்ல இருந்துச்சு, மேடம்" என்றாள்.