முதல் ஆப்பம் கடலுக்கு

பழைய ஊரின் கதைகளை நடந்துகொண்டே சொல்லும் தொழிலுக்கு இரண்டு போட்டிக்காரர்கள் உண்டு: ஒன்று வெயில், இன்னொன்று பசி. பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நின்று பேசும்போது பின்வரிசையில் ஒருவர் கடிகாரம் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பல காலம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். இப்போது தை பிறந்ததிலிருந்து பங்குனி வெயில் ஏறும்வரை, ஞாயிறு காலைகளில் மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து சாந்தோம் கடற்கரை வரை ஆட்களை அழைத்துப்போகிறேன். வழியெல்லாம் கதை, முடிவில் செல்வியின் தள்ளுவண்டியில் ஆப்பம். பழைய வேலையின் பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. எந்தக் கதைக்கும் மூன்று குறிகளில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் சொல்வேன்: நடந்தது, சொல்கிறார்கள், கற்பனை. குறி தவறினால் குழந்தைகள் போஸ்ட் கார்டு போட்டுக் கேட்பார்கள். பெரியவர்கள் கேட்பதில்லை, நம்பிவிடுகிறார்கள். இந்த ஆண்டு நான் தவறாகப் போட்ட ஒரு குறியைத் திருத்தப்போய்ச் செல்விக்குக் கடை போடும் இடமே போயிருக்கும்.

பொங்கலுக்கு முன், பொங்கலுக்குப் பின்

முதல் ஆண்டு, வெறும் வயிற்றோடு யார் கதை கேட்பார்கள் என்று நினைத்து, மாட வீதி மெஸ் ஒன்றில் எல்லோரையும் உட்காரவைத்து நெய்ப் பொங்கலும் காபியும் வாங்கிக்கொடுத்தேன். குளக்கரைக்கு வந்தபோது பதினான்கு பேர் ஒன்பதாகியிருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் உட்காரப் படி தேடினார்கள்.

அபிராமபுரத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கதை பாதியில் இருக்கும்போதே தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். மெதுவாக எழுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க கதைமேல தப்பில்ல மேடம். பொங்கலுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்” என்றார்.

மயில் நின்ற இடம்

அன்றிலிருந்து சாப்பாடு கடைசிக்குப் போயிற்று. பசித்தவர்கள் நன்றாகவே கேட்கிறார்கள். சில சமயம் தேவைக்கு மேலேயே. அம்பாள் மயிலாக வந்து இங்கே பூசை செய்தாள் என்பது இந்த ஊர்ப் பெயருக்கான கதை. “சொல்கிறார்கள்” என்று குறி போட்டே சொன்னேன். கிண்டியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கையில் போனோடு முன்னால் வந்தார். எந்த மரத்தடி, குளத்துக்கு எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்தார்.

கதைக்கு முகவரி கிடையாது தம்பி என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. “பரவால்ல மேடம். தோராயமா ஒரு லொகேஷன் மட்டும் அனுப்பிடுங்க, எங்கம்மா கேப்பாங்க.”

மணிச் சத்தம்

கடற்கரையில் நான் சொல்லும் கதை, பழைய கோயில் ஒரு காலத்தில் இங்கே அலையோரத்தில் இருந்தது என்பது. அமைதியான நாளில் தண்ணீருக்கு அடியில் மணி ஒலிக்கும் என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. அதையும் குறி போட்டுச் சொன்னேன். வந்திருந்த அம்மாள் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போய், நீங்கள் தினம் கடலுக்குப் போகிறவராயிற்றே, மணிச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: “இன்னாமா நீ, இன்ஜின் சத்தத்துல எனக்குக் காது போயி பத்து வருசம் ஆவுது. அடிச்சிருந்தா அடிச்சிருக்கும்.”

ஒரு சிட்டிகை சர்க்கரை

செல்வியின் வண்டி, கடலுக்குப் போகும் சந்தின் முனையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரை ஒட்டி நிற்கும். ஆப்பம், தேங்காய்ப்பால், வடகறி. கேட்பவர்களுக்கு முந்தைய நாள் மீன் குழம்பும் உண்டு. அடுப்புப் பற்றவைத்ததும் முதல் ஆப்பத்தை வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி, சுவரின் கிழக்கு மூலையில் வைத்துவிடுவார். அது கடலுக்கு. கடல் சார்பில் காக்கை வந்து எடுத்துக்கொள்ளும். எப்போதிலிருந்து இந்த வழக்கம் என்று கேட்டேன். “எப்பவும் இப்படித்தான்” என்றார். “சொல்கிறார்கள்” என்று குறித்துக்கொண்டேன்.

இந்த ஆண்டு குடியிருப்பின் புதிய செயலாளர் ரங்கநாதன், வண்டி கேட்டை மறைக்கிறது, பங்குனி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். செல்விக்கு வேறு இடம் கிடையாது. வாடிக்கையெல்லாம் அந்த முனையில்தான். நான் வண்டியருகிலேயே நின்று அவரிடம் பேசிப் பார்த்தேன். கடுமையான மனிதர் இல்லை. “கமிட்டில நான் தனியாளா நின்னுண்டு என்ன பண்ண முடியும்? கடலுக்கு முதல் ஆப்பம் வெக்கறது இந்த ஊர்ப் பழைய வழக்கம்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்கோ. அதுக்கு மேல யாரும் வாய் திறக்கமாட்டா” என்றார். சர்க்கரை எதற்கு என்றும் விசாரித்தார், கடிதத்தில் எழுத. அதற்குச் செல்விதான் பதில் சொன்னார்: “கடலாண்ட உப்பு கீது சார். சர்க்கரதான் இல்ல.”

வட்டமாக வராத ஆப்பம்

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கோ படித்த மாதிரியும் இருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தவள், எழுந்துபோய்ப் பரணிலிருந்து சிறுவர் பக்கத்தின் பைண்டு செய்த தொகுப்புகளை இறக்கினேன். மூன்றாவது தொகுப்பில் இருந்தது. வாழையிலைத் துண்டு, கிழக்கு மூலை, சர்க்கரை, அதே வாக்கியம். அந்த வாரம் வரவேண்டிய கதை வராததால், ஒரு மத்தியானத்தில் புனைபெயரில் நானே எழுதி நிரப்பியது. அப்படி எத்தனையோ எழுதி நிரப்பியதில் அடியோடு மறந்துபோயிருக்கிறேன்.

எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று, அந்தக் காலத்தில் பக்கத்துக்குப் படம் போட்ட நண்பருக்குப் போன் செய்தேன். அவருக்கு மறக்கவில்லை. “நல்லா ஞாபகம் இருக்கு. ஆப்பம் வட்டமா வரலைன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க.”

யாருடையது

நடைக்கு வருகிறவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்வது செல்விக்கு நியாயமாகாது. சனிக்கிழமை விடிந்ததும் தொகுப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். பழைய வழக்கம் என்று என்னால் எழுதித் தர முடியாது, அதனால் இந்த இடம் போனாலும் போகலாம் என்பதையும் சொன்னேன்.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த ஆப்பத்தைப் பார்த்துச் சிரித்தார். “அஞ்சாவதுல எங்க மிஸ் படிச்சுக் காட்டுனாங்க. நீங்க எழுதுனதுன்னு தெரியாது டீச்சரம்மா” என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அந்தப் பெயர்தான். அப்புறம் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அந்தாளாண்ட உள்ளதச் சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு. நீங்க ஒரு நாள் எழுதிட்டு மறந்துட்டீங்க. நான் கட போட்ட நாள்லேந்து பதினெட்டு வருசமா வெச்சிக்கினு கீறேன். இப்ப இது யாருதுன்னு நீங்களே சொல்லுங்க.”

நாலடி

ஞாயிற்றுக்கிழமை நடையின் முடிவில் ரங்கநாதன் கடிதத்துக்காகக் காத்திருந்தார். கையில் தொகுப்பைக் கொடுத்தேன். குறி “கற்பனை” என்று மாறிவிட்டது, எழுதியவள் நான், பதினெட்டு வருடமாகச் செய்துவருகிறவர் இவர் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் நின்றபடியே கதையை முழுக்கப் படித்தார். சுவர் மூலையில் காக்கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வி தலை நிமிராமல் அடுத்த ஆப்பத்தை ஊற்றினார். சட்டியில் அது ஒரு பக்கமாக ஓடிவிட்டது. அவர் கையில் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

ரங்கநாதன் தொகுப்பை மூடி என்னிடம் கொடுத்தார். கேட்டிலிருந்து வண்டி வரைக்கும் காலால் அளந்து பார்த்தார். “லெட்டர் வேண்டாம். கமிட்டில நான் பேசிக்கறேன். வண்டிய மட்டும் நாலடி தள்ளிப் போட்டுக்கட்டும், கார் திரும்பணும்” என்றவர், கோணலான அந்த ஆப்பத்துக்கே தட்டை நீட்டினார். “எங்க பில்டிங் கட்டிப் பதினோரு வருஷந்தான் ஆறது. அதவிட இது பழசு.”

நடந்தது, சொல்கிறார்கள், கற்பனை என்ற மூன்றுக்கும் பக்கத்தில் இந்தப் பங்குனியில் “செய்கிறார்கள்” என்று நாலாவது குறி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், அதன் கீழே இதுவரை ஒரே ஓர் ஆப்பம்தான் இருக்கிறது, அதையும் காக்கை எடுத்துப்போய்விடுகிறது.