கதைத் துரை வீட்டு ஆயா

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடியும்போதெல்லாம் ‘டிங்’கென்று ஒரு சின்ன மணி அடிக்கும், அந்த மணியும், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறவைத்து ஜன்னல் வழியே வரும் தண்ணீரின் துவர்ப்பு வாசனையும் சேர்ந்துதான் என் நினைவில் அந்த வீடு இருக்கிறது. ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டி, தோல் வியாபாரி ஒருவர் வாடகைக்கு விட்டிருந்த ஓட்டு வீடு அது. அதில் ஓர் ஆங்கிலேய நாவலாசிரியர் தம் மனைவியோடும் ஒரே மகளோடும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை எழுதுவார். அந்த நான்கு மணி நேரமும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் மதியச் சாப்பாட்டின்போது சிரித்துப் பேசுவார் என்றும், மணி ஓய்ந்து கிடந்தால் சோற்றில்கூட ஏதாவது குறை கண்டுபிடிப்பார் என்றும் என் அம்மா கணித்து வைத்திருந்தார்.

அவர் பெயர் ஹாலம். எங்கள் தெருவில் அது ‘ஆலம்’ ஆகி, ஆரத்தியாகச் சுற்றிக் கொட்டுகிற ஆலமா, விழுது விடுகிற ஆலமா என்று கேலியாகி, கடைசியில் யாருக்கும் வாய் வலிக்காத ‘கதைத் தொரை’யில் வந்து நின்றது. அவர் மனைவி வேலூரில் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் நடத்தியவர். காலை ரயிலில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். மகள் ரோஸ்மேரி, எங்களுக்கு ரோஸி. அவளுக்கு ஐந்து மாதமானபோது அவளைப் பார்த்துக்கொள்ள என் அம்மா சலோமி அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கணியம்பாடிப் பக்கத்தில் பிறந்து, தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தவர் அவர். எனக்கு அப்போது மூன்று வயது. ஆக, ரோஸியும் நானும் ஒரே மடியைப் பங்கு போட்டுக்கொண்டு வளர்ந்தோம். பெரிய பங்கு அவளுக்குத்தான் போயிற்று.

தேவாலயத்து அடிக்கல், கல்லறைக் கல், பள்ளிக்கூடப் பதிவேடு என்று எங்கே தேதி தெரிந்தாலும் நின்று குறித்துக்கொள்வது என் வழக்கம். அப்படி நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனாலும் இங்கே தேதிகளை அடுக்கி வாசகர்களைச் சோதிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

வேலைக்குப் போன முதல் நாளே துரையம்மா என் அம்மாவை ‘ஆயா’ என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவி செய்கிற பெண்களையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு என்றாலும், அந்த அர்த்தம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் வந்ததில்லை. அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பியிருக்காது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் பொரிந்து தள்ளியதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

“என்னைப் பாத்தா கெழவி மாதிரியா இருக்குது? ஆயாவாம் ஆயா.”

“அவங்க பாஷையில அதுக்கு பாட்டின்னு அர்த்தம் இல்ல, சலோமி. புள்ளைய பாத்துக்கற வேலைக்காரிய அப்படிதான் கூப்புடுவாங்க” என்றாராம் அப்பா.

“வேலைக்காரியா?” என்று கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாராம். “அதுக்கு கெழவியே மேல்.”

அந்தச் சொல்லை அன்றைக்கே தம் பக்கத்து அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, அதற்குரிய அதிகாரங்களையும் கூடவே எடுத்துக்கொண்டார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினார். வசம்பு உரைத்து நாக்கில் தடவினார். கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார். துரையம்மா துடைத்துவிட்டால், அவர் ரயிலுக்குப் போன பிறகு மறுபடி வைத்தார். துரையிடம் அவர் பேசியது முதலாளியிடம் பேசுகிற பேச்சாக ஒருநாளும் இருந்ததில்லை. “புள்ள இருமுது, நீங்க இன்னாத்துக்கு ஃபேன் போட்டுக்குனு உக்காந்திருக்கீங்க?” என்பார். துரைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அந்தக் கொஞ்சத்தில் இந்த வாக்கியமும் அடக்கம் என்பதால் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த வீட்டுக்குத்தான் போவேன். ரோஸிக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள், அம்மா அவளுக்குத் தலை பின்னி முடிக்கும் வரை நான் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சலில், வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்: “அது எங்கம்மா. ஒனக்கு அவங்க வேலைக்கு வந்தவங்க.”

“இல்ல, எனக்கு ஆயா” என்றாள் ரோஸி. அவள் தமிழ் எங்கள் தெருத் தமிழ். தெருவைத் தவிர அதற்கு வேறு வாத்தியார் கிடையாது. ஆயா என்றால் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருவரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா வந்து பிரித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துத் தீர்ப்பு சொன்னார்.

“சலோமி அவளுக்கு ஆயா, ஒனக்கு அம்மா. சரியா? அப்போ அவங்க அப்பா ஒனக்கு அண்ணன் ஆவுது. நீ அவளுக்கு அத்தை. அத்தைக்காரி மாதிரி கம்முனு நடந்துக்கடி, பேஜார் பண்ணாத.”

ரோஸி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவளுக்கு நான் ‘அத்தே’. என் பெயர் எஸ்தர். எஸ்தரைத் தமிழர்கள் அத்தே என்றுதான் உச்சரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட கதைத் துரை, தாமும் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயர் எட்டு வயதுப் பெண்ணை “அத்தே, போஸ்ட் வந்துச்சா?” என்று மரியாதையாகக் கேட்க, மதில் சுவருக்கு அந்தப்பக்கம் ஷமீம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

ரோஸிக்கு ஏழு வயது முடிந்த கோடையில், அவளை இங்கிலாந்தில் துரையின் தங்கை வீட்டுக்கு அனுப்பி, அங்கே விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களில் இது சாதாரண நடைமுறை என்பதைப் பிற்பாடு பல புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அது சாதாரணமாகப் படவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் வேலை செய்தார். மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, பத்து மணி வாக்கில், உள்ளே மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ரோஸியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுதும் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார். எழுதுகிற நேரத்தில் அந்தக் கதவை வேறு யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. விடுமுறை என்பதால் நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

துரையின் தமிழ் இதற்குப் போதாது; அம்மாவுக்கு ஆங்கிலம் கிடையாது. தன்னை அனுப்புவதா வேண்டாமா என்ற வழக்கில் ரோஸியே மொழிபெயர்ப்பாளராக நின்றாள்.

“ஏழு வயசு புள்ளைய கப்பல்ல போட்டு அனுப்பற அளவுக்கு இன்னா அவசரம்னு கேளு.”

“ஏரோப்ளேன், ஆயா.”

“எதுவா இருந்தா இன்னா, கேளு.”

ரோஸி கேட்டாள். துரை நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னார். அவர் முகத்தில் கோபமில்லை, பரிவுகூட இருந்தது. ரோஸி அம்மா பக்கம் திரும்பி, “அப்பா சொல்றாரு, உங்க பிரியம் தெரியுமாம். ஆனா இது ஆயா பேசற விஷயம் இல்லியாம்” என்றாள்.

அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்தது வெறும் திகைப்புதான். “ஆயா பேசாம வேற யாரு பேசுவா?” என்றார். “பெத்தவங்க அவசரப்பட்டா நில்லுன்னு சொல்றதுக்குத்தான் ஆயா. எங்க ஊர்ல அப்படித்தான். சொல்லு அவருகிட்ட.”

ரோஸி சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாள் என்பது அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு மறுபடி மணிச்சத்தம் கேட்கவில்லை. மதியம் துரை சாப்பாட்டில் குறையும் சொல்லவில்லை. அந்த வார முடிவில் துரையம்மா வந்து, ரோஸியின் பயணம் ஓராண்டு தள்ளிப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்த ஓராண்டு முடிந்து அவர்கள் மூவருமாகவே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஆம்பூர் ரயில் நிலையத்தில் ரயில் இரண்டே நிமிடம்தான் நிற்கும். ரோஸி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள், நானும் அழுதேன். அம்மா அழவில்லை. “மழை நாள்ல தலைக்கு ஊத்தாதீங்க. ஈரத்தோட படுக்க வெச்சா சளி ஜாஸ்தியாயிடும்” என்று துரைக்கு உத்தரவு போட்டுக்கொண்டே ரயிலோடு கூட நடந்தார். நடைமேடை முடியும் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

பிறகு பல ஆண்டுகள் கழித்து, நான் வேலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே துரை எழுதிய நாவல். தோல் ஊறும் ஊர் ஒன்றில் நடக்கிற கதை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு நாளில் படித்து முடித்தேன். அதில் ஓர் ‘ஆயா’ வருகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. கடைசியில் ரயில் நிலையத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறாள்.

“என்னப்பத்தி இன்னா எழுதியிருக்காரு?” என்று அம்மா கேட்டார். அந்தப் பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் எந்த இடத்தில் அந்தச் சொல் வந்ததோ, தமிழிலும் அதே இடத்தில் அதே சொல்லாக வந்தது. வழியில் அதன் அர்த்தம் மட்டும் மாறிக்கொண்டது. நான் அதற்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

“பாத்தியா, ஆயான்னே போட்டிருக்காரு” என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா நான் எங்க அழுதேன்? சரி வுடு, கதைதானே” என்றார்.

அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. துரையும் அவர் மனைவியும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ரோஸிக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. தந்தையின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்து, ஆம்பூர் சம்பந்தப்பட்ட விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி இந்த ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு எந்தத் திசையில் ரயில் பாதை, எந்த மாதத்தில் ஊரைவிட்டுப் போனார்கள் என்று பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தவள், கடைசியில் இருந்த சொற்பொருள் பட்டியலில் நின்றுவிட்டேன். அதில் ‘ஆயா: குழந்தை பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்’ என்று ஒரு வரி இருந்தது.

அதைத் தவறு என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. அம்மா அங்கே வேலைக்குத்தான் போனார். ஆனால் அச்சில் அந்த ஒரு வரி மட்டும் நின்றுவிட்டால், அம்மா அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனது எந்த உரிமையில் என்று இனி ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். எட்டு வயதுக்காரியின் ஆத்திரத்தில் ‘வேலைக்கு வந்தவங்க’ என்று சொன்னவளே நான்தான் என்பதும் உறுத்தியது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னோர் அர்த்தமும் உண்டு, அதையும் சேர்க்க முடியுமா என்று எழுதினேன்.

மறுநாளே ரோஸி தொலைபேசியில் கூப்பிட்டாள். இன்றைக்கு ஆம்பூரிலேயே கேட்க முடியாத பழைய தெருத் தமிழ் அவளிடம் அப்படியே இருக்கிறது.

“அந்த வரிய மாத்தமாட்டேன், அத்தே. அது எங்க அப்பாவோட வார்த்தை. அவரு புக்குல அதுக்கு அந்த அர்த்தம்தான். நீ குடும்ப மரம் போட்ட பக்கத்த பாக்கவே இல்லியா?”

பார்க்கவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம், அதில் நான் சரிபார்க்க ஒன்றுமில்லை என்று புரட்டிவிட்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். ரோஸியின் பெயருக்கு மேலே தாத்தா பாட்டிகளின் வரிசையில் நான்கு பேர் இருக்க வேண்டும்; ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக, சலோமி, கணியம்பாடி. அங்கிருந்து ரோஸி வரைக்கும் மற்ற கோடுகளைப் போலவே ஒரு முழுக்கோடு.

“பொறந்த வருஷம் போடல. நீ சொன்னா போட்டுடுவேன்” என்றாள்.

ஊரில் யார் யாருடைய பிறந்த தேதியையோ தேடிக் கண்டுபிடித்த எனக்கு என் அம்மா பிறந்த வருஷம் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடில்லை. அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் காலணித் தொழிற்சாலையின் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. ஆவாரம்பட்டை வாசனை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் தங்களுக்குக் கை கழுவிவிடுகிறவர். பாட்டியைப் பாட்டி என்கிறார்கள். துரையின் அர்த்தம்தான் கடைசியில் ஊரில் நிலைத்திருக்கிறது.

திருத்தங்களின் பட்டியலை நேற்று ரோஸிக்கு அனுப்பிவிட்டேன். பிறந்த ஆண்டு தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறேன். பதிவேடுகளை வைத்துப் பார்த்தால், அந்த மரத்தில் ஒரு கோடு தவறு. அதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அதை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை.