மட்கார்டில் இருந்த பெயர்

போன வாரம் அக்கா மகள் நிவேதா வீட்டுக்கு வந்தாள். கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு செய்திருக்கிறாளாம், வீடியோவோடு. அதற்கு ஓர் அட்டைப் படம் வேண்டும். மாமா ஒரு காலத்தில் இதையெல்லாம் செய்தவராயிற்றே, பார்த்துச் சொல்லட்டும் என்று வந்திருக்கிறாள். என்னை யாராவது கருத்து கேட்டு எத்தனை காலமாயிற்று! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கைபேசியை நீட்டினாள். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். சதுரம் முழுக்க அவள் முகம், பல் தெரியச் சிரித்தபடி.

“நல்லா இருக்கு. பின்பக்கம் எங்க?” என்றேன்.

“பின்பக்கமா? அப்படி ஒண்ணு கெடையாது மாமா. இவ்ளோதான்.”

எனக்கு ஒப்பவில்லை. எழுந்துபோய் பீரோவின் மேல்தட்டில் இருந்த பழைய அட்டைப்பெட்டியைத் துழாவி, ஒரு சிடியை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் பெட்டியை விரலால் நெம்பித் திறந்தபோது கேட்ட அந்த ‘டக்’ சத்தத்தோடு, மார்க்கர் பேனாவின் வாசனையும் வந்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் கழித்து வாசனை எங்கே இருக்கப்போகிறது? என் மூக்குக்குள் இருந்ததுதான்.

எங்கள் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், வகுப்பில் கடைசி வருடத்துப் பிராஜெக்ட் அது. ஒரு பாட்டு, அதற்கு ஒரு வீடியோ, பிறகு கடையில் வைத்து விற்கிற மாதிரி ஓர் ஆல்பம் பெட்டி. குழுவுக்கு நான்கு பேர். கேமரா பாஸ்கர், கடலோரத்து வைத்திக்குப்பத்துப் பையன். இசை பிரான்சிஸ். அவன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை என்பதால், திட்டினாலும் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொல்வான். பாட்டு அமுதா. அட்டை நான். அட்டை என்றால் ஏதோ எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு என்பதே என் பெட்டிக்குள் வைப்பதற்காகச் செய்யப்படும் ஒரு பொருள் என்றுதான் நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். “அந்த மஞ்சச் செவுரு, காகிதப்பூ, பழைய கலங்கரை விளக்கம், இந்த மூணையும் எவனாவது எடுத்துக்கிட்டு வந்தீங்க, மார்க் கெடையாது.” பாண்டிச்சேரியில் வீடியோ எடுக்கப் போகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எங்கே போவான்? எங்களுக்கு முந்தைய வருடத்தார் எடுத்த அத்தனை வீடியோவிலும் பிரெஞ்சு வீதியின் அதே மஞ்சள் சுவரில் யாராவது சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தார்கள். அந்தச் சுவருக்குச் சொந்தக்கார அம்மா கடைசியில் வாளித் தண்ணீரோடு வாசலிலேயே நின்றாராம்.

எங்களுக்குச் சுவர் பெரிய பிரச்சினையாக இல்லை. அமுதாவின் முகம்தான் பிரச்சினை.

அமுதா பாண்டிச்சேரியிலேயே சாரம் என்கிற பகுதிப் பெண். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு மருந்து கோடவுனில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளுடைய அத்தை மகள் ஒருத்தி கோயில் திருவிழாக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டு பாடப் போய், அதையே காரணம் சொல்லி அவளுக்கு நிச்சயமான கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அது முதல் அமுதாவின் அப்பாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. காலேஜில் சேர்த்தபோதே சொல்லியிருக்கிறார்: “மேடை, பாட்டு, படம்னு எதாவது காதுல விழுந்துச்சு, அன்னையோட படிப்பு நின்னுது.” விஸ்காம் என்பது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்று சொல்லித்தான் அவளே சேர்ந்திருந்தாள்.

ஆனால் அவள் பாடினால்! கேண்டீனில் வடைக்குக் காத்திருக்கும்போது அவள் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் பிரான்சிஸ் மெட்டே போட்டான். வேறு யார் பாடியும் அது பாட்டாகவில்லை. நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் அவள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

“பாடறேன். ஆனா என் மூஞ்சி வரக்கூடாது. பேரும் வரக்கூடாது. வந்துச்சு, நான் பரீட்சையே எழுத மாட்டேன், வீட்லதான் இருப்பேன். யோசிச்சுக்கோங்க.”

உலகத்தில் எல்லோரும் பாடுகிறவரின் முகத்தை எப்படிக் காட்டுவது என்று திட்டம் போடுவார்கள். நாங்கள் அதை எப்படிக் காட்டாமல் இருப்பது என்று ஒரு மாதம் உட்கார்ந்து படம் போட்டோம். நிழல், கை, குடை, ஜன்னல் கம்பி, ஈர மணலில் கால்தடம். எல்லாப் படத்திலும் ஒரு பெண் பின்னலோடு எங்கேயோ போய்க்கொண்டே இருந்தாள். அதையே கதையாக்கிவிட்டோம்: ஒரு பெண் சைக்கிளில் ஊரைவிட்டுப் போகிறாள், கேமரா பின்னாலேயே போகிறது, அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சார் அதைப் பார்த்து ‘ஆழமான கருத்து’ என்றார். நாங்கள் அடக்கமாகத் தலையாட்டினோம்.

சைக்கிளுக்கு எங்கே போவது? கடற்கரைப் பக்கம் வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் முன்னால் கூடை வைத்த, வெள்ளைக்காரர்களுக்கான சைக்கிள். “இதுல போனா டூரிஸ்ட் ஊரைப் பாக்கற மாதிரி இருக்கும்டா” என்றான் பாஸ்கர். அமுதாதான் அப்பா சைக்கிளைக் கொண்டுவந்தாள். இரவுக் காவல் முடிந்து வந்து அவர் பகலெல்லாம் தூங்குவார். எழுந்திருப்பதற்குள் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். நல்ல கறுப்பு சைக்கிள், கனமான கேரியர். அவளுக்குக் கால் எட்டாது. தினமும் சீட்டை இறக்கி ஓட்டிவிட்டு, சாயங்காலம் மறக்காமல் ஏற்றிவைத்துவிடுவாள்.

வைத்திக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே எடுத்தோம். நான் மொபெட் ஓட்ட, பாஸ்கர் பின்சீட்டில் உட்கார்ந்து என் தோள்மேல் கேமராவைத் தாங்கி எடுத்தான். மணலில் இரண்டு முறை விழுந்தோம். விழும்போதெல்லாம் அவன் கேமராவைத்தான் பிடித்தான், என்னைப் பிடிக்கவில்லை. மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை நகர்த்தி வழிவிட்டுவிட்டுக் கேட்டார்: “இன்னாடா பாஸ்கரு, பொண்ணு லட்சணமாத்தான இருக்குது? இன்னாத்துக்குப் பின்னாடியே எடுத்துக்கினு இருக்கீங்க?” நான் பதிலுக்கு ‘ஆழமான கருத்து’ என்று ஆரம்பித்தேன். பாஸ்கர் என் காலை மிதித்தான்.

பிறகு என் ராஜ்ஜியம். நாள்காட்டித் தாளை வெட்டி மடித்து மாதிரி செய்தேன். சிடி பெட்டியின் பின்னட்டை லேசான சமாச்சாரம் இல்லை. இரண்டு ஓரத்தையும் மடித்தால்தான் அது பெட்டியின் முதுகாகும். அந்த மெல்லிய பட்டையில் ஆல்பத்தின் பெயர் வரவேண்டும். முதல் மாதிரியில் பெயர் தலைகீழாக வந்தது. ஆல்பத்தின் பெயர் ‘கடலுக்கு அந்தப் பக்கம்’. சிரிக்காதீர்கள், அந்த வயதில் எங்களுக்கு எல்லாமே ஏதாவது ஒன்றுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒரு பாட்டு மட்டும் என்றால் பெட்டி வெறிச்சென்று இருக்கும் என்று மொத்தம் மூன்றாக்கினோம். மூன்றாவது, முதல் பாட்டேதான், அமுதாவின் குரல் மட்டும் இல்லாமல். முன்னட்டையில் பின்னலும் கடலும். பின்னட்டையில் சைக்கிள் போகிற காட்சி, பின்னாலிருந்து, பெரிதாக. பாடியவர் என்ற இடத்தில் ‘தோழி’ என்று மட்டும்.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு பிரிண்டிங் கடையில் கொடுத்தோம். காலேஜில் எல்லோர் வீடியோவையும் போட்டுக்காட்டும் திரையிடலுக்கு முந்தின நாள் மத்தியானம் போய் வாங்கினேன். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: “படம் ரொம்ப டல்லா இருந்துச்சு தம்பி. நானே கொஞ்சம் வெளிச்சம் ஏத்திவிட்டேன். இப்ப பாருங்க, பளிச்சுனு இருக்கும்.” நானும் மனதார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கேண்டீன் மேசையில் கட்டைப் பிரித்தோம். அமுதா பின்னட்டையை ஆசையாகக் கையில் எடுத்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கப்பா” என்றாள்.

யாராவது வருகிறார்களோ என்று நான் வாசலைத்தான் பார்த்தேன். அவள் அட்டையில் விரலை வைத்துக் காட்டினாள். சைக்கிளின் பின் மட்கார்டில், இரண்டு பக்கமும் பூப்போட்டு, நடுவில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ர. ஏழுமலை, சாரம்.

எங்கள் லேப் கம்ப்யூட்டரின் மங்கல் திரையில் அந்த இடம் வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் இருந்தது. வீடியோவிலும் சைக்கிள் ஆடுகிற ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் ஏற்றிய வெளிச்சத்தில் பெயர் துலங்கிவிட்டது. அவள் தினமும் பார்க்கிற சைக்கிள் என்பதால் அவளுக்கும் தோன்றவில்லை. முகத்தை மறைக்க ஒரு மாதம் பாடுபட்ட நாங்கள், அப்பாவின் பெயரை ஊர் சகிதமாக அட்டையின் நடுவில் அச்சடித்திருந்தோம்.

மறுநாள் காலை திரையிடல். மறுபடி அச்சடிக்க வழியில்லை. பாஸ்கர் ஓடிப்போய்க் கறுப்பு மார்க்கர்கள் வாங்கிவந்தான். நான்கு பேரும் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையிலும் ஏழுமலையை அழித்தோம். வழவழத் தாளில் மை காயவே இல்லை. அந்த நெடியில் தலை சுற்றியது. அமுதா மட்டும் ஒவ்வொரு தடவையும் அழிப்பதற்கு முன்னால் அந்தப் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அழித்தாள். ஏன் என்று அந்த அவசரத்தில் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டிபார்ட்மெண்டில் எல்லோர் வீட்டுக்கும் தபாலில் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார்கள். பகலில் வீட்டில் இருக்கிறவர் கையில்தானே தபால்காரர் கொடுப்பார்?

மறுநாள் விளக்கை அணைக்கும் நேரத்தில் கடைசி வரிசைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை, தூங்காத கண். அமுதா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் குரல் ஆரம்பித்துவிட்டது. பாட்டு முடியும்வரை நான் திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைத்தான் பார்த்தேன். அவர் அசையவில்லை.

விளக்கு போட்டதும் நேராக, சிடிகளை அடுக்கிவைத்திருந்த எங்கள் மேசைக்கு வந்தார். சிடியை எடுத்துத் திருப்பினார்.

“தம்பி, இது இன்னா கறுப்பா?”

“பிரிண்டிங் மிஸ்டேக்குங்க” என்றேன்.

“அந்த எடத்துல எம்பேரு இருக்கணுமே.”

பிரான்சிஸ், பழக்கதோஷம், ‘மெர்சி’ என்றான்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். “சீட்டை ஏத்தித்தான் வெக்கற. ஆனா ஒரு நாளும் சரியா வெக்கல. செயின்ல பூராக் கடக்கரை மண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எம்பொண்ணு தெனம் பீச்சுக்குப் போறாளே, யார் கூடப் போறாளோ, இன்னா ஆவப்போவுதோன்னு ராவெல்லாம் கோடவுன்ல ஒக்காந்து செத்தேன். ஒன்ன கேக்கவும் பயமா இருந்துச்சு.” மூச்சை விட்டார். “பாட்டுக்குத்தானா?”

“பாட்டுக்குத்தாம்ப்பா” என்றாள் அமுதா. அழுதுகொண்டே சொன்னதால் சரியாகக்கூட விளங்கவில்லை.

“அட, பாட்டுக்குத்தானா” என்று அவர் மறுபடியும் சொல்லிவிட்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் பயத்தைவிடப் பெரிய பயத்தை அவர் சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். அப்புறம்தான் கோபப்பட்டார்.

“அவ மூஞ்சியையும் காட்டல, எம்பேரையும் அழிச்சிட்டீங்க. யாரு வூட்டுப் பொண்ணுன்னு எப்பிடித் தெரியும்?”

வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர், சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே ஏறிப் போனார். முந்தின நாளும் அதில் காலேஜுக்கு வந்த அமுதா, மார்க்கர் அவசரத்தில் ஏற்றிவைக்க மறந்ததால் அன்றைக்கு அது தாழ்வாகத்தான் இருந்தது.

அமுதா இப்போது கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவள் அப்பா காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. சைக்கிள் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பிரிண்டிங் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். சிடி போட்டுக் கேட்க என் வீட்டிலேயே கருவி இல்லை. நிவேதாவுக்கு எதை மறைக்கவும் ஒரு மாதம் தேவைப்படவில்லை. அவள் வீடியோவில் கேமரா பிடித்ததே என் அக்காதானாம். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. பின்னட்டை போனால் போகட்டும்.

நான் இத்தனையும் நினைத்துக்கொண்டிருக்க, அவள் பெட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதுல யாரு ஏழுமலை?”

வாங்கிப் பார்த்தேன். நாங்கள் அத்தனை அழுத்தி அழுத்திப் பூசிய மார்க்கர் மை வெளிறி, தேநீர்க் கறை அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அதற்கு அடியில் பூவும் எழுத்தும் பளிச்சென்று இருந்தன. ர. ஏழுமலை, சாரம்.

“ப்ரொட்யூசரா?” என்றாள் நிவேதா.

“ஆமாம்மா” என்றேன்.